எதிர்க்கரை தெரியாத ஏரியில் இறங்கும் முன்

வாசகர் கேள்வி:

எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் ஒரு பெரிய ஏரி. எதிர்க்கரை தெரியாது. மணல், அலை எல்லாம் கடல் மாதிரியேதான் இருக்கும். போன மாதம் குடும்பத்தோடு போயிருந்தோம். என் கணவரும் 11 வயது மகளும் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் நின்று விளையாடிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது நடுவில் திடீரென்று ஆழம். மகளுக்கு நிலை கொள்ளவில்லை. இரண்டு பேரும் பக்கவாட்டில் இழுபட்டுப் போனார்கள். பலகையில் படுத்து அந்தப் பக்கமாக வந்த ஓர் இளைஞர்தான் மகளைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தார். என் கணவர் நீச்சல் குளத்தில் நிற்காமல் இருபது சுற்று போகிறவர். "நல்ல தண்ணிதானே, கடல் மாதிரி ஏற்ற இறக்கம்கூடக் கிடையாது, பதறினதுதான் தப்பு" என்கிறார். மகள் இப்போது தண்ணீர்ப் பக்கமே வர மாட்டேன் என்கிறாள். 6 வயது மகனுக்கு அன்று இரவு கால் முழுக்கத் தடித்துத் தடித்து அரித்தது. எனக்கு நீச்சல் தெரியாது. மறுபடி போகலாமா? போனால் எதைப் பார்க்க வேண்டும்? ஏதாவது ஆகிவிட்டால் கரையில் நிற்கும் நான் என்ன செய்வது? பெயர் வேண்டாம்.

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை, அந்தப் பலகை இளைஞர் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் என்ற நினைப்போடு. ஏரிக்கரைகளில் உயிர்காப்பாளராக இருந்து, இப்போது அந்த வேலைக்கு ஆட்களைப் பயிற்றுவிக்கிறேன். எனக்கு வரும் கடிதங்களில் பாதி "நல்ல தண்ணிதானே" என்ற வரியோடுதான் வருகின்றன. அதனால் உங்கள் கணவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் இதைப் படிப்பார் என்று நினைத்தே எழுதுகிறேன்.

முதலில் பதில்: போகலாம். ஆனால் அன்றைக்கு நடந்தது என்ன என்று தெரியாமல் போனால், அதே இடத்தில் அதே மாதிரி மறுபடி நடக்கும்.

மணற்பாங்கான பெரிய ஏரிக்கரைகளில் தண்ணீருக்கு அடியில் கரைக்கு இணையாக மணல் திட்டு ஓடும். சில கரைகளில் ஒன்று, சிலவற்றில் இரண்டு மூன்றுகூட இருக்கும். கரைக்கும் முதல் திட்டுக்கும் நடுவே ஒரு நீளப் பள்ளம். உங்கள் கணவரும் மகளும் நின்றது திட்டின் மேல். அதனால்தான் கரையிலிருந்து அவ்வளவு தள்ளியும் தண்ணீர் இடுப்பளவே இருந்தது. போகும்போது பள்ளத்தைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். அலை குறைவாக இருந்த நேரமாக இருக்கலாம், மகள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம், கவனத்தில் பட்டிருக்காது. திரும்பும்போது பட்டது.

இனி அந்தப் பக்கவாட்டு இழுப்புக்கு வருவோம். ஒவ்வொரு அலையும் திட்டைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீரைப் பள்ளத்துக்குள் கொட்டுகிறது. வந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டும். வந்த வழியே போக முடியாது, அங்கே அடுத்த அலை வந்துகொண்டிருக்கிறது. ஆகவே பள்ளத்தில் பக்கவாட்டில் ஓடி, திட்டில் எங்கே உடைப்பு இருக்கிறதோ அங்கே திரும்பி, ஏரிக்குள் பாய்கிறது. வாய்க்கால் தண்ணீர் மடையைத் தேடி ஓடுவது போல. அந்த உடைப்பு வழியாக வெளியே பாய்வதைத்தான் ரிப் கரண்ட் என்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரர்கள் அந்த இழுப்பில் மாட்டவில்லை. அதற்குத் தண்ணீர் கொண்டுபோகிற வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னும் சில பத்து மீட்டர் போயிருந்தால் திசை மாறி ஏரிக்குள் போயிருக்கும்.

இருபது சுற்று நீச்சலைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். ரிப் கரண்டின் வழக்கமான வேகம் விநாடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும். வேகம் எடுத்தால் விநாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். ஒலிம்பிக் வீரர் ஐம்பது மீட்டர் குளத்தை உயிரைக் கொடுத்து நீந்தும்போது தொடுகிற வேகம் அது. நிதானமாக நீந்துகிற நம்மைப் போன்றவர்கள் விநாடிக்கு ஒரு மீட்டர் போனாலே பெரிய விஷயம். அதற்கு எதிராகக் கரையை நோக்கி நீந்தினால் கை ஓயும், இடம் நகராது. சோர்வுதான் ஆளை அமுக்குகிறது. தண்ணீர் யாரையும் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் இழுக்கிறது.

நல்ல தண்ணீர் என்பதற்கும் வருகிறேன். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் கனமானது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கடல் கொடுக்கும் தாங்கலில் ஒன்றரை கிலோ அளவு ஏரியில் குறையும். ஒன்றரை கிலோதானே என்று தோன்றும். ஆனால் மிதப்பவரின் மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதே அவ்வளவு சின்ன வித்தியாசத்தில்தான் முடிவாகிறது. அப்புறம் அலை. பெருங்கடலில் தூரத்திலிருந்து வரும் அலைகள் பத்து விநாடிக்கு ஒன்று, அதற்கும் மேல் இடைவெளி விட்டு வரும். ஏரி அலைகளைப் பக்கத்துக் காற்றே கிளப்புவதால் அவை நெருக்கமானவை. மூன்று முதல் ஐந்து விநாடிக்குள் அடுத்தது வந்துவிடும். முகத்தில் அடித்த அலைத் தண்ணீரைத் துப்பிவிட்டு மூச்சு இழுப்பதற்குள் அடுத்த அடி. ஒரு மீட்டர் அலைதான், ஆனால் ஓயாது.

ஏற்ற இறக்கம் கிடையாது என்றாரே, அது பாதி உண்மை. சந்திரனால் வரும் ஓதம் வட அமெரிக்காவின் பேரேரிகளில்கூட ஐந்து சென்டிமீட்டருக்குள்தான். ஆனால் புயல் ஒன்று ஏரியைக் கடக்கும்போது, காற்றும் காற்றழுத்தமும் சேர்ந்து தண்ணீரை ஒரு கரையில் குவித்துவிடும். அது எதிர்க்கரைக்குப் போய் மோதித் திரும்பி வரும், தாம்பாளத்தில் தண்ணீர் அலம்புவதுபோல. 1954 ஜூன் 26-ல் சிகாகோவில் அப்படி எழும்பிய தண்ணீர் கரைச்சுவரில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களை அடித்துக்கொண்டு போய் எட்டுப் பேர் இறந்தார்கள். 2003 ஜூலை 4-ல் மிச்சிகன் ஏரியின் தென்கிழக்குக் கரையில் நடந்தது என்னை இன்னும் உறுத்துவது. காலையில் புயல் வந்து போய்விட்டது. மேகம் கலைந்து வெயில் அடித்தது. விடுமுறை நாள் வேறு, சனம் எல்லாம் தண்ணீரில். சில மணி நேரத்துக்குள் ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். புயல் கிளப்பிவிட்ட நீரெழுச்சி உண்டாக்கிய ரிப் கரண்டுகள்தான் காரணம் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அதனால் என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது: புயல் போன உடனே வெயில் வந்துவிட்டதே என்று ஓடாதீர்கள், மீதி நாளைக் கரையில் கழியுங்கள்.

சரி, அடுத்த முறை போனதும் என்ன செய்வது? பாயை விரித்து, பிள்ளைகளுக்குச் சன்ஸ்கிரீன் தடவும் அந்தப் பத்து நிமிடம் தண்ணீரைப் பாருங்கள். முடிந்தால் கொஞ்சம் மேடான இடத்தில் நின்று பாருங்கள். அலைகள் வெள்ளையாக மடங்கி உடைகிற இடம், அடியில் திட்டு இருக்கிற இடம். நடுவில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கருத்து, சின்னச் சின்னதாகச் சலசலத்துக்கொண்டு, நுரையோ கலங்கல் மணலோ ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தால், அதுதான் உடைப்பு. வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் அந்த இடத்தைத்தான் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். "இங்கே அலையே இல்ல பாரு, அமைதியா இருக்கு" என்பார்கள். எத்தனை குடும்பங்களை அங்கிருந்து கிளப்பி நகர்த்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. சிலர் முகம் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும்.

இடம் தேர்ந்தெடுப்பதில் இன்னொன்று, என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியம். ஏரிக்குள் நீட்டிக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர், தூண்டில் வளைவு, படகுத்துறைப் பாலம் எதுவானாலும் அதன் ஓரத்தில் இறங்காதீர்கள். மணலில் இருக்கும் உடைப்பு இன்றைக்கு ஓரிடம், அடுத்த வாரம் வேறிடம். கட்டிய சுவர் நகராது. கரையோரம் ஓடிவரும் தண்ணீர் சுவரில் மோதினால் அதற்கு வேறு வழியே இல்லை, சுவரை ஒட்டி ஏரிக்குள்தான் போகும். அலை இருக்கும் நாளெல்லாம் அங்கே இழுப்பும் இருக்கும். போதாததற்குச் சுவரில் பட்டுத் திரும்பும் அலை, வரும் அலையோடு மோதித் தண்ணீரைக் கொதிக்கிற உலை மாதிரி ஆக்கிவிடும். மற்ற இழுப்புகளில் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரலாம். இங்கே ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் உங்களைச் சுவரை நோக்கித் தள்ளும் அலை. சுவரின் மேல் ஓடிப்போய்க் குதிக்கும் விடலைப் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் மகனுக்கு அது தெரியாமலே வளரட்டும். நூறு மீட்டர் தள்ளி இறங்குங்கள் என்பது என் சொந்தக் கணக்கு. ஆறு ஏரியில் கலக்கும் முகத்துவாரத்துக்கும் அதே கணக்குதான்.

உயிர்காப்பாளர் இருக்கும் கரைக்குப் போங்கள். கொடி ஏற்றியிருந்தால் அதன்படி நடங்கள். பச்சை என்றால் அமைதி, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து, இரட்டைச் சிவப்பு என்றால் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது. மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருந்தால், அவற்றுக்கு நடுவே உள்ள பகுதியை யாரோ கண்காணிக்கிறார்கள் என்று பொருள். சில கரைகளில் குறியீடு கொஞ்சம் மாறும், நுழைவாயில் பலகையைப் படித்துவிடுங்கள். இடி கேட்டால் எல்லோரும் வெளியே. கடைசி இடிச் சத்தத்திலிருந்து முப்பது நிமிடம் கழித்துத்தான் மறுபடி.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கையை நீட்டிப் பாருங்கள். ஏரியிலிருந்து கரைக்கு அடித்தால் அலை எழும்பும், ஆபத்து கண்ணுக்குத் தெரியும். கரையிலிருந்து ஏரிக்கு அடித்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அந்த நாளில்தான் காற்றடைத்த பொம்மைகள் பயணம் புறப்படும். பிள்ளை மேலே உட்கார்ந்திருக்க, ஒரு நிமிடத்தில் அது அப்பாவின் நிலை தாண்டிப் போய்விடும். காற்றடைத்த வாத்து, வளையம், மெத்தை எதையும் நான் பாதுகாப்புச் சாமானாக எண்ணுவதில்லை. பந்து போனால் போகட்டும், பொம்மை போனால் போகட்டும், அதைத் துரத்தி நீந்தவே கூடாது என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து அடிக்கும் காற்று இன்னொரு காரியமும் செய்யும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரை அது ஏரிக்குள் தள்ளிவிட, அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். நேற்று இதமாக இருந்த கரை இன்று காலை பத்து டிகிரி குறைந்து கிடக்கும். வெயில் சுட்டெரிப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தன்னையறியாமல் ஒரு பெருமூச்சை இழுக்கும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அங்கேயே முடிந்தது. கடுங்குளிர் நீருக்கு 1-10-1 என்று ஒரு கணக்கு உண்டு: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். ஆகவே குதிக்காமல், கால், இடுப்பு, மார்பு என்று நடந்து இறங்குங்கள். தலைகீழாகப் பாய்வது எந்த மணற்கரையிலும் வேண்டாம். திட்டில் தலை மோதிக் கழுத்தெலும்பு முறிந்தால் மிச்ச வாழ்க்கை சக்கர நாற்காலியில்தான்.

இனி, இழுப்பில் மாட்டினால் என்ன செய்வது? உங்கள் கணவரும் மகளும் இதைச் சேர்ந்து பழக வேண்டும். மல்லாந்து மிதக்க வேண்டும். முகம் வானத்தைப் பார்க்க, காது தண்ணீருக்குள் இருக்க, கைகளை விரித்து, மெதுவாக மூச்சு. கத்த வேண்டாம், எதிர்த்து நீந்த வேண்டாம். மூச்சு சீரானதும் தண்ணீர் எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று பாருங்கள். அந்தத் திசைக்குக் குறுக்கே, அலை வெள்ளையாக உடைகிற பக்கம் நோக்கி நீந்துங்கள். அங்கே திட்டு இருக்கும், அலையே கரைக்குத் தள்ளும். முடியவில்லையென்றால் மிதந்துகொண்டே ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். பெரும்பாலான இழுப்புகள் அலை உடையும் கோட்டைத் தாண்டியதும் வலுவிழந்துவிடும்.

உங்கள் கணவருக்குச் சின்னப் பரீட்சை ஒன்று வைக்கலாம். குளத்தில் ஆழமான பக்கம், டி-ஷர்ட்டும் கால்சட்டையுமாக இறங்கி, சுவரைத் தொடாமல் ஐந்து நிமிடம் மல்லாந்து மிதக்கச் சொல்லுங்கள். இருபது சுற்று போகிற எத்தனையோ பேர் இரண்டாவது நிமிடத்தில் சுவரைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு வந்துவிட்டால் மகளுக்கும் அவரே கற்றுக்கொடுக்கட்டும்.

அடுத்தது உங்கள் வேலை, கரையில் நிற்பவரின் வேலை. நான் இந்தத் தொழிலுக்கு வந்த இரண்டாவது கோடை. மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாறு வயதுப் பையன் ஒருவன் மார்பளவு தண்ணீரில். அவனுடைய அப்பா இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார். பையன் ஏணி ஏறுவதுபோலக் கைகளைத் தண்ணீரின் மேல் அழுத்தி அழுத்தி எடுக்கிறான், தலை பின்னால் சாய்ந்திருக்கிறது, வாய் தண்ணீர் மட்டத்தில். சத்தமே இல்லை. விளையாடுகிறான் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். முடி கண்ணை மறைத்திருந்தும் அவன் அதைத் தள்ளவில்லை. அதைப் பார்த்துத்தான் எழுந்து ஓடினேன். பிழைத்துக்கொண்டான். அப்பாவுக்கு நான் பையனைத் தூக்கும்வரை ஒன்றும் தெரியாது.

மூழ்குகிறவர் "காப்பாத்துங்க" என்று கத்துவதெல்லாம் சினிமாவில்தான். மூச்சுக்கே இடமில்லாதபோது குரலுக்கு ஏது இடம்? கையை ஆட்டிக் கூப்பிடவும் வராது. பெரும்பாலும் இருபது முதல் அறுபது விநாடிக்குள் மூழ்கிவிடுவார்கள். ஆகவே 6 வயது மகன் தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். நீச்சல் தெரியாத நீங்கள் மகனோடு முழங்கால் தண்ணீரைத் தாண்ட வேண்டாம். கூட்டமாகப் போகும்போது இன்னும் மோசம், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைப்பார்கள். ஆளுக்குக் கால் மணி நேரம் என்று முறை போட்டு, அந்தக் கால் மணியில் போன், பேச்சு, சாப்பாடு எதுவும் இல்லாமல் தண்ணீரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். குடித்திருப்பவர் முறையில் சேர்த்தியில்லை, தண்ணீரிலும் சேர்த்தியில்லை.

மகனுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். எடைக்கு ஏற்றது, முறையான பாதுகாப்புச் சான்று பெற்றது, கால்களுக்கு நடுவே வார் உள்ளது. மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அளவு பெரிது. அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கும் பழக்கத்தைச் சட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால் நீங்கள் குதிக்கக் கூடாது. கொடூரமாகத் தெரியும், தெரிந்தேதான் எழுதுகிறேன். பிள்ளையைக் காப்பாற்ற இறங்கிய தாயும் தகப்பனும் போய், பிள்ளை பிழைத்த சம்பவங்கள் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள், ஒருவரைப் பெயர் சொல்லியோ சட்டை நிறம் சொல்லியோ காட்டி அவசர எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். "யாராவது பண்ணுங்க" என்றால் யாரும் பண்ண மாட்டார்கள். மிதக்கிற எதையாவது எறியுங்கள்: கரையில் தொங்கும் மிதவை வளையம், மூடி இறுக்கிய காலி தண்ணீர்க் கேன், ஐஸ் பெட்டி, பந்து. பக்கத்தில் இருந்தால் துண்டையோ கம்பையோ நீட்டி, நீங்கள் தரையில் படுத்துக்கொண்டு இழுங்கள். நின்றுகொண்டு இழுத்தால் அவர் உங்களை உள்ளே இழுத்துவிடுவார். "மல்லாந்து மித" என்று கத்திக்கொண்டே இருங்கள். கண்ணை எடுக்காமல் விரலால் அவர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டே நில்லுங்கள். ஆள் மறைந்துவிட்டால், தேட வருகிறவர்களுக்கு அந்த விரல்தான் வழி.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு மூச்சு இல்லை என்றால், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் பார்க்காதீர்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும், நேரமும் போகும். மூழ்கியவருக்குத் தேவை காற்று. அதனால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், பிறகு முப்பது முறை மார்பை அழுத்த வேண்டும், இரண்டு மூச்சு, மறுபடி முப்பது. உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. இதைப் படித்துக் கற்க முடியாது. சி.பி.ஆர். வகுப்பு அரை நாள்தான், நீச்சல் தெரியாத நீங்கள் அதில் முதல் ஆளாகச் சேருங்கள். கண் விழித்துப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம்.

மகனின் அரிப்பு அநேகமாக நீச்சல் அரிப்பு என்று சொல்லப்படுவதாக இருக்கும். நீர்ப்பறவைகளிலும் நத்தைகளிலும் வாழ்கிற ஓர் ஒட்டுண்ணியின் குஞ்சுகள், ஆள் தெரியாமல் மனிதத் தோலுக்குள் நுழைந்து அங்கேயே செத்துப்போகும். அதனால் வரும் தடிப்பு. தொற்றாது, பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாக அடங்கும். ஆழமில்லாத வெதுவெதுப்பான ஓரத்தில் பிள்ளைகள் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதால் அவர்களுக்குத்தான் அதிகம் வரும். தண்ணீரைவிட்டு வந்ததும் உடம்பைத் தானாகக் காய விடாமல், உடனே துண்டால் அழுத்தித் துடையுங்கள், வாத்துகளுக்கு அங்கே இரை போடாதீர்கள். சொறிந்து சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள், நான் டாக்டர் இல்லை.

அரிப்பைவிட நான் பயப்படுவது பச்சைத் தண்ணீரை. வெயில் காலத்தின் பின்பாதியில் பெயின்ட்டைக் கொட்டினாற்போலவோ பட்டாணி சூப் மாதிரியோ தண்ணீர் பச்சையாகக் கிடந்தால், அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகை ஈரலைத் தாக்கும் நஞ்சை விடும். 2014 ஆகஸ்டில் வட அமெரிக்கப் பேரேரிகளில் ஒன்றான ஈரி ஏரியில் அது பெருகியபோது, அதன் கரையிலுள்ள டொலிடோ நகரத்தில் ஏறக்குறைய 4 லட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவித்தார்கள். காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது. ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். முடிக்கற்றை மாதிரி இழையிழையாகத் தொங்கினால் அநேகமாகச் சாதாரணப் பாசி. பெயின்ட் பூசினதுபோல ஒட்டி வந்தால் பிள்ளைகளையும் நாயையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். பெருமழை பெய்தால் ஒன்றிரண்டு நாள் கழித்துப் போங்கள், ஊர்ச் சாக்கடையெல்லாம் அன்றைக்கு அங்கேதான் வந்து சேர்ந்திருக்கும்.

மகள் வர மாட்டேன் என்பதைப் பயம் என்று பெயர் வைத்துத் திருத்தப் பார்க்காதீர்கள். அவள் கண்டது நிஜம். அதற்குக் காரணம் இருந்தது என்று தெரிந்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன். மேலே திட்டையும் பள்ளத்தையும் பற்றி எழுதியிருப்பதை அவளிடம் வாசித்துக் காட்டுங்கள், 11 வயதுக்கு அது நன்றாகவே புரியும். மிதப்பதைக் குளத்தில் பழகட்டும், அவசரமில்லை. ஏரிக்கு முதல் தடவை போகும்போது அவளை இறங்கச் சொல்ல வேண்டாம். ஒரு குச்சியைக் கையில் கொடுத்துத் தண்ணீரில் எறியச் சொல்லுங்கள். அது எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது, எங்கே திரும்புகிறது என்று கரையிலேயே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அன்றைக்கு எங்கே இறங்கலாம் என்பதை அவளிடமே கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் அப்பாவும் இறங்க வேண்டாம்.